நல்ல கொழுப்பின் மேல் ஒரு சந்தேகம்

மைசூர் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிற என் கணவரின் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அந்த ரிப்போர்ட்டை நடைக்குக் கொண்டுவருவார்கள். கல் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவர் வாங்கிப் படிப்பார். யாருடையது எல்லோருடையதையும்விட நன்றாக இருக்கிறதோ, அவர் அன்றைக்கு எல்லோருக்கும் வெண்ணெய் தோசை வாங்கித் தரவேண்டும்.

"நல்லா இருக்கிறவர் எதுக்குங்க தண்டம் கட்டணும்?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"கெட்டுப்போனவன்கிட்டப் போயி தோசை கேட்டா நல்லாவா இருக்கும், அம்மிணி?" என்றார் என் கணவர்.

தோசை வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் அவர்தான். அவருடைய நல்ல கொழுப்பு அந்தக் கூட்டத்தில் பேர்பெற்றது. அதைக் குறிக்கும் எச்.டி.எல். என்ற மூன்று எழுத்து தொண்ணூறுகளின் பிற்பாதியில்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கெட்ட கொழுப்பு ரத்தக் குழாயின் சுவரில் போய்ப் படியும், நல்ல கொழுப்பு அதை வழித்து எடுத்துக்கொண்டு போய் ஈரலில் சேர்த்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டு எழுதின. கெட்டது கொஞ்சம் கூடவே இருந்தாலும், நல்லது நிறைய இருந்தால் கணக்குச் சரியாகிவிடும் என்றார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர் கூட்டத்தின் தலைவர் மாதிரி இருந்த ஒரு பேராசிரியர். ஓய்வு பெற்றவர், ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர், திருச்சிப் பக்கத்துத் தமிழர். மொத்தக் கொழுப்பை நல்ல கொழுப்பால் கைத்தடி கொண்டு மண்ணில் வகுத்துக் காட்டிவிட்டு, "யோவ், உமக்கு ஹார்ட் அட்டாக் வரணும்னா அது முதல்ல எங்கிட்ட வந்து பர்மிஷன் வாங்கணும்யா" என்பாராம். என் கணவர் வீட்டுக்கு வந்து அதை நடித்தே காட்டுவார்.

பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தார் அவர். ஓய்வுக்குச் சில வருஷங்கள் பாக்கி இருந்தன. சிகரெட் கிடையாது, வேறு எதுவும் கிடையாது. நெய் மட்டும் உண்டு. நான் குறைத்தால், "என் நம்பர் தெரியும்ல?" என்று தட்டை நீட்டுவார்.

மகனையும் அவரே பரிசோதனைக்கு இழுத்துப்போனார். அவனுக்கு அப்போது முப்பது வயது. ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். சிகரெட் பிடிப்பான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம். அவனுடைய நல்ல கொழுப்பும் அப்பாவுடையதைப் போலவே இருந்தது. மகன் என்ஜினீயரிங் பாஸ் செய்தபோதுகூட என் கணவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"எங்கப்பன் சொத்துன்னு ராமாபுரத்துல எனக்கு ஒரு காணி மண்ணு வரல. நான் இவனுக்கு இதைக் குடுத்திருக்கேன் பாரு!"

மகன் சிரித்தான். அன்று சாயங்காலம் முதல் முறையாக வீட்டு மொட்டை மாடியிலேயே சிகரெட் பிடித்தான். கேட்டால், "பிடிச்சும் நம்பர் குறையலையே" என்றான்.

என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு. நான் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தேன். இறந்தவரின் வயது சரியா, நோயை மறைத்துப் பாலிசி எடுத்தாரா, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்பட்டவள். ஆனால் என் வீட்டுக்குள் வந்த அந்த ஒரு காகிதத்தை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. நல்ல செய்தியை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

ஒரு மார்கழிக் காலையில் அவர் நடையிலிருந்து நேரம் கழித்து வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. வெறும் வாயு, கேஸ் என்றார். பேராசிரியரும் கேஸ் என்றுதான் சொன்னாராம், சீரக சோடா வாங்கிக் கொடுத்தாராம். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனவரின் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மைசூர் மார்கழியில் ஸ்வெட்டரைக் கழற்றினாலே பல் கிட்டும். அந்தக் குளிரில் இந்த மனிதருக்கு வேர்க்கிறது. குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "சட்டையைப் போடுங்க" என்றேன். ஆட்டோவில் போகும்போதும், "சும்மா பயப்படறே அம்மிணி, என் நம்பர்..." என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈ.சி.ஜி.யைப் பார்த்துக்கொண்டே, வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். இப்போதுதான் என்றார் என் கணவர். நான் விடவில்லை, திரும்பக் கேட்டேன். அப்புறம் சொன்னார். ஏரிக்கரையில், முதல் சுற்று முடிவதற்குள். பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். சுற்றிலும் நண்பர்கள், எல்லோரும் படித்தவர்கள். "உமக்கா? உம்ம ரிப்போர்ட்டுக்கா?" என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்களாம்.

"அப்பவே ஏன் வரல?" என்றார் டாக்டர்.

என் கணவர் குற்றம் செய்த பையன் மாதிரிச் சொன்னார்: "ரிப்போர்ட் நல்லா இருந்துது டாக்டர்."

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. அது இனி திரும்பாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஐ.சி.யு. வாசலில் நின்றபடி நான் கணவரைப் பற்றி யோசிக்கவில்லை. கீழே ஸ்கூட்டர் ஸ்டாண்டில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த மகனைப் பற்றித்தான் யோசித்தேன். அதே நம்பர் அவனிடமும் இருந்தது.

பேராசிரியர் பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ரிப்போர்ட்டுக்கு இது வரவே கூடாதும்மா, கணக்குக்கே ஒத்துவரல" என்று முணுமுணுத்தார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. வேறு ஒன்று வந்தது. என் கணவர் வழக்கமாகப் போகும் பரிசோதனைக் கூடம் பேராசிரியருடைய மருமகளின் தம்பி நடத்துவது. நடைக் கூட்டத்துக்குச் சலுகை உண்டு. சலுகை கொடுப்பவன் நல்ல நம்பரும் சேர்த்துக் கொடுத்திருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? வருஷா வருஷம் திரும்பி வரவேண்டிய வாடிக்கைக்காரர்கள். சந்தோஷமாக அனுப்பினால்தானே வருவார்கள்?

சந்தேகத்துக்குத் தீனி ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. அங்கே எடுத்த ரத்தத்தில் நல்ல கொழுப்பு பழைய அளவுக்கு எங்கேயோ கீழே இருந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். டாக்டரிடம் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார், அட்டாக்குக்கு அடுத்த நாட்களில் எடுத்தால் நல்லது, கெட்டது இரண்டுமே இறங்கித்தான் காட்டும், சில வாரம் போகட்டும், அப்புறம் பாருங்கள் என்று. எனக்கு அவரையும் நம்பத் தோன்றவில்லை. ஒரு டாக்டர் இன்னொரு லேபைக் காட்டிக்கொடுப்பாரா?

சில வாரம் கழித்து என் கணவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒரு காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துக்கொண்டு போனேன். முதலில் பழைய இடம். ரத்தம் கொடுத்த கையோடு ஆட்டோ பிடித்து ஊரின் மறுகோடியில் வேறொரு லேப். அங்கே அவருக்கு வேறு பெயர் கொடுத்தேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது மனிதர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரும்பக் கூப்பிட்டார்கள்.

"உங்களைத்தாங்க!" என்று இடித்தேன்.

"யாரு, நானா? அட ஆமா!" என்று எழுந்தார். ரத்தம் எடுத்த பெண் சந்தேகமாகப் பார்த்தாள். வெளியே வந்ததும், "பேரை மாத்திக்கிட்டா இன்னொரு பொண்டாட்டியும் கட்டிக்கலாமா அம்மிணி?" என்றார். அட்டாக்குக்குப் பிறகு அவர் சொன்ன முதல் ஜோக் அது. நான் சிரிக்கவில்லை.

இரண்டு ரிப்போர்ட்டும் வந்தன. நல்ல கொழுப்பு இரண்டிலும் பழைய உயரத்துக்கே வந்திருந்தது. ஒன்றுக்கொன்று நூலிழைதான் வித்தியாசம். லேபில் ஏமாற்றவில்லை, டாக்டரும் பொய் சொல்லவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆபீஸில் எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிற ஃபைலைத்தான் நான் இன்னொரு தடவை புரட்டுவேன். இங்கேயும் அப்படித்தான் புரட்டினேன். எல்லாம் சரியென்றால், தப்பு எங்கே?

அடுத்து கணவரையே சந்தேகப்பட்டேன். ஒளிந்து புகை பிடிக்கிறாரோ என்று சட்டையை முகர்ந்தேன். பையில் கைவிட்டால் பஸ் டிக்கெட்டும் பாக்குத்தூளும். பிறகு எண்ணெய்க் கடையைச் சந்தேகப்பட்டேன். டின்னில் சிவப்பாக இதயப் படம் போட்டு, கொலஸ்ட்ரால் இல்லவே இல்லை என்று எழுதியிருப்பார்கள். எந்தக் காலத்தில் கடலையில் கொலஸ்ட்ரால் இருந்தது, இல்லை என்று எழுதுவதற்கு? கடைக்காரரைக் கேட்டேன். "எழுதலைன்னா நீங்க வாங்க மாட்டீங்களேம்மா" என்றார்.

இதற்கிடையில் மகன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஷட்டில் ஆடப் போவான். ஒரு ஞாயிறு சீக்கிரம் வந்துவிட்டான். இடது தாடையைத் தேய்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான். என்னடா என்றதற்குப் பல் வலி என்றான். பல் டாக்டரிடம் போனானா என்றால், இல்லை. அடுத்த ஞாயிறும் தேய்த்தான். நான் அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். சாமுண்டி மலைக்கு நடந்து ஏறும்போது பாதி வழியில் இருக்கும் நந்தி சிலை வருவதற்குள்ளேயே நின்று, "இங்கிருந்து ஊரு எப்படித் தெரியுது பாரும்மா" என்றான். பனிமூட்டத்தில் ஊர் தெரியவே இல்லை.

எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "என் ரிப்போர்ட் பார்த்தல்ல?"

"உங்கப்பாவோடதும் பார்த்தேன்டா."

"சாக்கு பிடும்மா!" என்று கத்தினான். கோபம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். போதும் விடு என்று அர்த்தம். நான் விடுகிற நிலையில் இல்லை.

கணவரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போன ஒரு நாள், அப்பாவைப் படியில் கைபிடித்து ஏற்ற ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவனையும் டாக்டர் அறைக்குள் உட்காரவைத்தேன். இரண்டு லேபின் காகிதங்களையும் மேஜையில் பரப்பினேன். பெயர் மாற்றியதைச் சொன்னபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த நம்பர் பொய்யா டாக்டர்? அதை மட்டும் சொல்லுங்க."

"நம்பர் நிஜம்தான். ஆனா அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு எடுத்துக்கறோம், அங்கதான் சிக்கல். நல்ல கொழுப்புங்கறது ஒரு வண்டி மாதிரி. வண்டியில இப்ப எவ்வளவு சரக்கு ஏறியிருக்குன்னுதான் மெஷின் சொல்லும். அது போய்ச் சேர்ந்து சரக்கை இறக்குதான்னு சொல்லாது."

என் கணவர் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பினார். "அட, புரியுதுங்க! பஸ்ஸு ஃபுல் லோடா இருக்குன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம் இல்லையே. நஞ்சன்கூடு ரோட்டுல பிரேக்டவுன் ஆகி நிக்கற பஸ்ஸும் ஃபுல்லாத்தான் இருக்கும். யாரும் எறங்கியிருக்க மாட்டான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அதேதான். நான் இனிமே இதையே சொல்லிக்கறேன். ஆனா உங்களுக்கு அப்படித்தான் ஆச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். உங்க கெட்ட கொழுப்பும் கொஞ்சம் கூடத்தான் இருந்துது. நல்லது நிறைய இருக்கேன்னு யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கல."

மகன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "சார், சிகரெட் பிடிச்சா நல்ல கொழுப்பு குறையும்னு சொல்றாங்க. எனக்குக் குறையலையே?"

"அளவு குறையல. வேலை குறைஞ்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? புகை, சர்க்கரை, வெளிய தெரியாம உடம்புக்குள்ள ஓயாம இருக்கற வீக்கம், இதெல்லாம் நல்லதோட குணத்தையே மாத்திடுது, காக்கிறதே கெடுக்க ஆரம்பிக்கலாம்னு வெளிநாட்டுல சிலர் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. முழுசா யாருக்கும் தெரியாது. அதைப் பார்க்க நம்ம ஊருல டெஸ்ட்டும் இல்ல."

"தெரியாததை வெச்சு ஏன் சார் பயமுறுத்தறீங்க?"

"நான் பயமுறுத்தலப்பா. அந்த நம்பரை வெச்சு உனக்குத் தைரியம் குடுக்க மாட்டேன்னு சொல்றேன்."

தாடை வலியை நான் சொன்னேன். ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு பல நாள் என் முகம் பார்த்துப் பேசவில்லை. காலையில் அவன் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். அவன் மாடிப்படி ஏறினால் அடுப்பை அணைத்துவிட்டு, எந்தப் படியில் நிற்கிறான் என்று காது கொடுப்பேன். என் கணவரோ மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். இந்தச் சண்டையில் அவர் வாயே திறக்காதது எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னமும் அந்த நம்பரில் அவருக்கு ஆசை இருக்கிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். மகனுக்குக் கொடுத்த சொத்து அல்லவா?

ஒரு ஞாயிறு மத்தியானம், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகன் ஷட்டிலிலிருந்து வந்திருந்தான். சோற்றைப் பிசைந்தபடி என் கணவர் தலை நிமிராமல் கேட்டார்.

"உனக்கு வலி தாடையிலதான?"

"பல்லுப்பா."

"எனக்கும் தாடையிலதான் ஆரம்பிச்சுது."

எனக்கே அது புதிது. நெஞ்சு என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்.

"முதல்ல தாடை. அப்புறம் கை. அப்புறம்தான் நெஞ்சு" என்றார். "அந்தப் பெஞ்சுல அவங்க எல்லாம் கேஸுன்னாங்க. நானும் ஆமாம்னேன். ஆனா அது கேஸ் இல்லைன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சுதுடா. உடம்பு சொல்லுது. நான்தான் எனக்கு வராது, வராதுன்னு உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போனா, அந்த நம்பர் பொய்யின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு... என்னமோ ஒரு வெக்கம்."

மகன் தட்டைத் தள்ளிவைத்தான். "அந்த டெஸ்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்றான். என்னைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டான்.

டிரெட்மில் அறைக்குக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. அதற்குள்ளே சட்டையில்லாமல், மார்பெல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு என் மகன் ஓடிக்கொண்டிருந்தான். ஓடுகிறான், ஓடுகிறான், எங்கேயும் போகவில்லை. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தாடையைப் பார்த்தேன். ஒருமுறை கை அங்கே போனது. என் உயிர் போய்விட்டு வந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

"ஒண்ணும் தெரியல. நார்மல்" என்றார் டாக்டர். நான் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள், "அம்மா, இதையும் தூக்கித் தலையில வெச்சுக்காதீங்க. இன்னைக்கு இந்த மெஷினுக்கு ஒண்ணும் தெரியல, அவ்வளவுதான் இதுக்கு அர்த்தம். சிகரெட்டை விடச் சொல்லுங்க. பல்லையும் காட்டுங்க" என்றார்.

பல்லைக் காட்டினோம். கடைவாய்ப் பல் ஒன்று உள்ளுக்குள் சீழ் பிடித்துக் கிடந்தது. பிடுங்கி எறிந்தார்கள். வலி நின்றுவிட்டதாக மகன் சொல்கிறான். ஓடும்போது மட்டும் வலித்தது ஏன் என்று பல் டாக்டரை நான் துருவிக் கேட்டேன். குதித்தால் சீழ்ப் பல் வலிக்கத்தான் செய்யும் என்றார். இருக்கலாம்.

ஆனால் அந்த டெஸ்ட் அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் வரும்போது நான் பார்த்த ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. மகன் கையில் சுருட்டிய காகிதம். முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும், வருஷா வருஷம் அது அவன் அப்பாவின் முகத்தில் வீடு வந்து சேரும்.

"இப்ப சந்தோஷமா?" என்று அவன் கேட்கும்போதே வலது கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போனது.

என் கணவர் நின்றார். கையை நீட்டினார். மகன் சிகரெட் பாக்கெட்டை எடுத்து அதில் வைத்தான். அவர் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினார், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. மகன் அவர் தோளைத் தொட்டபடி பின்னால் போனான். பார்த்தவர்களுக்கு அழகான காட்சிதான். எனக்குத் தோன்றியது, இவன் ரொம்பச் சுலபமாகக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் அவன் குளிக்கும்போது ஸ்கூட்டரின் முன்பெட்டியைத் திறந்தேன். துடைக்கிற துணி, ஸ்பேனர், பழைய பெட்ரோல் பில். துணியை எடுத்து முகர்ந்தேன். பெட்ரோல் வாடைதான். அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா தேடற?" தலை துவட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"ஸ்பேனர்டா. குழாய் ஒழுகுது."

"அதான் இடது கையிலயே வெச்சிருக்கியே."

பார்த்தேன். வைத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. அருகில் வந்து முன்பெட்டியை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாரு" என்றான். நான் பார்த்தேன்.